ஜாஸ் ஓவியம் வாங்கப் போகிறீர்களா? முதலில் அதன் முதுகைப் பாருங்கள்

அமெரிக்காவில் 1950, 60களில் வரைந்த ஜாஸ் ஓவியங்களுக்கு, அதாவது ஜாஸ் இசைக்கலைஞர்களைக் காட்டும் படங்களுக்கு, இப்போது நல்ல கிராக்கி. கோணல்மாணலாக நீட்டிய உருவங்கள், கடுகு மஞ்சளும் ஆரஞ்சும் கரும்பச்சையும், முன்னால் ஒரு டிரம்பெட், பக்கத்தில் ஆளைவிட உயரமான பேஸ் என்ற தந்தி வாத்தியம், இருட்டுக்குள் யாரோ டிரம்ஸ். பார்த்தவுடனே நம் வீட்டு சோபாவுக்கு மேலே இதுதான் என்று தோன்றிவிடும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஆசைப்பட்டதிலிருந்து ஆணி அடித்தது வரை ஒவ்வொன்றையும் அங்கே இங்கே விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. விற்பவர் சொல்லும் விலை ஒன்று, பில்லில் வருவது இன்னொன்று, வீடு வந்து சேரும்போது ஆகியிருக்கும் செலவு வேறொன்று.

அமெரிக்காவில் இருந்துகொண்டு, சில நூறு டாலரில் தொடங்கி இரண்டாயிரம் டாலர் வரை செலவழிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேலரிகளில் வாங்கிப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

1. மூன்று வகையில் எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

சந்தையில் 'மிட் செஞ்சுரி (நூற்றாண்டின் நடுப்பகுதி) ஜாஸ் ஓவியம்' என்ற ஒரே பெயரில் மூன்று விதமான சரக்கு வருகிறது.

முதலாவது, அலங்கார ஓவியம். அந்தக் காலத்தில் ஃபர்னிச்சர் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் மொத்தமாக வரைந்து கொடுத்த ஸ்டூடியோக்கள் இருந்தன. கலிஃபோர்னியாவின் வேன்கார்ட் ஸ்டூடியோஸ் அவற்றில் பிரபலமானது. அங்கிருந்து வந்த படங்களில் 'லீ ரெனால்ட்ஸ்' என்று கையெழுத்து இருக்கும்; ஆனால் வரைந்தவர்கள் பலர். கையால் தீட்டியதுதான், போலி இல்லை. ஆனால் ஒரே ஓவியர் ஒரே ஒரு முறை வரைந்த படத்துக்குரிய விலையை இதற்குக் கொடுக்கத் தேவையில்லை.

இரண்டாவது, பெயர் தெரியாத அல்லது உள்ளூரில் மட்டும் தெரிந்த ஒருவர் வரைந்த தனிப் படம். ஓவியக் கல்லூரி மாணவர், விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வரைந்தவர், இப்படி யாராவது. கொடுக்கிற காசுக்கு இந்த வகைதான் லாபம் என்பது என் கருத்து. நான் பார்த்தவரை, நல்ல நிலையில் உள்ளவை இருநூறிலிருந்து எண்ணூறு டாலருக்குள் கிடைக்கின்றன.

மூன்றாவது, பெயர் பெற்றவர்கள். ரோமேர் பியர்டன், நார்மன் லூயிஸ் போன்றவர்களின் அசல் ஓவியங்கள் பெரிய ஏல நிறுவனங்களில்தான் வரும். நம் பட்ஜெட்டில் அடங்காது. முந்நூறு டாலருக்கு 'பியர்டன் ஒரிஜினல்' என்று யாராவது போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். லீராய் நீமன் கையெழுத்திட்ட ஜாஸ் படங்கள் என்று வருபவற்றில் பெரும்பாலானவை எண்ணிட்ட பிரிண்டுகள். அவர் 2012 வரை வாழ்ந்தவர் என்பதால் பிரிண்ட் எந்த ஆண்டில் அச்சானது என்று கேளுங்கள். டேவிட் ஸ்டோன் மார்ட்டின் வரைந்த இசைத்தட்டு அட்டைகளை ஃப்ரேம் போட்டு 'ஓவியம்' என்று விற்பதும் நடக்கிறது. அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது அச்சிட்ட அட்டை.

இன்னொன்று. அந்தக் கால அலங்காரப் படங்கள் சிலவற்றில் கறுப்பினக் கலைஞர்களைத் தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாகக் கேலிச்சித்திரம்போல வரைந்திருப்பார்கள். சிறிய போட்டோவில் அது கண்ணில் படாது. முகங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதைச் சுவரில் மாட்ட எனக்கு மனம் வராது.

2. தேடும் இடமும் நேரமும்

மலிவாகக் கிடைக்கும் இடம் எஸ்டேட் சேல். வயதானவர் இறந்த பிறகோ, வீடு மாறும்போதோ வீட்டிலுள்ள பொருளையெல்லாம் விற்பார்கள். எஸ்டேட்சேல்ஸ் டாட் நெட் தளத்தில் உங்கள் ஊர் பின்கோடைப் போட்டால் வரும் வாரத்து விற்பனைகள் போட்டோவோடு வரும். பெரும்பாலும் வெள்ளி முதல் ஞாயிறு வரை நடக்கும். முதல் நாள் விலை குறைக்க மாட்டார்கள், கடைசி நாளில் பாதி விலை என்பது வழக்கம். படம் உண்மையிலேயே நன்றாக இருந்தால் கடைசி நாள்வரை தங்காது. அதனால் முதல் நாள் காலை சீக்கிரம் போய் வரிசை எண் வாங்கிவிடுங்கள்.

சந்தைகளில், கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ரோஸ் பௌல் ஃப்ளீ மார்க்கெட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு. மாசசூசெட்ஸில் பிரிம்ஃபீல்ட் சந்தை மே, ஜூலை, செப்டம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை. இரண்டுக்கும் டார்ச், அளவு டேப், ரொக்கம் மூன்றும் வேண்டும்.

இணையத்தில் ஈபே, எட்ஸி, சேரிஷ், ஃபர்ஸ்ட் டிப்ஸ், நன்கொடைப் பொருள்களை ஏலம் விடும் ஷாப்குட்வில். கடைசியாகச் சொன்னதில் விவரம் குறைவாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். ஃபர்ஸ்ட் டிப்ஸில் போட்டிருக்கும் விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறைத்துக் கேட்கலாம், பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எட்ஸியின் விதிப்படி 20 ஆண்டு பழையதாக இருந்தாலே ஒரு பொருளை 'வின்டேஜ்' என்று விற்கலாம். 2003இல் வரைந்த படத்தையும் 'வின்டேஜ், மிட் செஞ்சுரி பாணி' என்று போட்டால் அதில் பொய் எதுவும் இல்லை. அந்தப் 'பாணி' என்ற சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் படியுங்கள். எந்த ஆண்டு வாக்கில் வரைந்தது, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

தேடும்போது 'ஜாஸ்' என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். தன் கையில் இருப்பது என்னவென்று தெரியாத விற்பனையாளர் 'மியூசிக் பேண்ட் பெயிண்டிங்', 'ஹார்ன் பிளேயர்ஸ்', 'காம்போ' என்றெல்லாம் போட்டிருப்பார். நல்ல விலை அங்கேதான்.

3. முதுகைப் பாருங்கள்

முன்பக்கம் எல்லோருக்கும் பிடிக்கும்படிதான் இருக்கும். வயதைச் சொல்வது பின்பக்கம். நேரில் போகவில்லையென்றால் ஐந்து போட்டோ கேளுங்கள்: முழுப் பின்பக்கம், ஓரங்கள், மூலைகள், கையெழுத்தின் நெருக்கப் படம், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்த முன்பக்கம். கடைசியில் சொன்னதில்தான் வண்ணம் எங்கே உரிகிறது, எங்கே பிறகு பூசியிருக்கிறார்கள் என்று தெரியும். பின்பக்கப் போட்டோ அனுப்ப மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

பின்னால் ஃப்ரேம் கடையின் சீட்டு ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம். அமெரிக்காவில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு வந்தது 1963இல். அதற்கு முன் பெரிய நகரங்களில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஓரிலக்கமோ ஈரிலக்கமோ மட்டும் இருக்கும், 'நியூயார்க் 19' என்பதுபோல. தொலைபேசி எண்ணின் முதல் இரண்டு இடத்தில் எழுத்து இருந்தால் அதுவும் பெரும்பாலும் 60களிலோ அதற்கு முன்போ ஒட்டிய சீட்டு. பார்கோடு இருந்தால் 1974க்குப் பிந்தையது. ஆனால் சீட்டு ஃப்ரேமின் வயதைத்தான் சொல்லும். பழைய ஃப்ரேமில் புதுப் படத்தைச் செருகி விற்பவர்களும் இருக்கிறார்கள். படத்தின் ஓரமும் ஃப்ரேமின் உட்பக்கமும் ஒரே மாதிரி அழுக்கேறி இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் காலத்தில் கேன்வாஸைவிட மலிவு என்று மேசோனைட் பலகையில் நிறையப் பேர் வரைந்தார்கள். பழுப்பு நிற அழுத்தப் பலகை, பின்னால் வலை பதிந்ததுபோலச் சொரசொரப்பாக இருக்கும். பலகை வளைந்திருக்கிறதா, மூலை ஊதிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். ஊதிய மூலை என்றால் தண்ணீர் பட்டிருக்கிறது; அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

கேன்வாஸ் என்றால் மரச்சட்டத்தைப் பாருங்கள். பளபளவென்ற ஸ்டேப்பிள் ஊசி, சின்னச் சின்ன மரத்துண்டுகளைப் பல்லிணைப்பாக ஒட்டிய வெள்ளைப் பைன் மரம், தேநீரில் நனைத்தது போன்ற ஒரே சீரான பழுப்பு, கிட்டப் போனால் எண்ணெய் வாசனை, இவையெல்லாம் சேர்ந்து வந்தால் அது சமீபத்தில் செய்த நகல். உண்மையான அழுக்கு ஒரே சீராக இருக்காது. சட்டம் மறைத்த இடத்தில் துணி வெளுப்பாகவும் திறந்த இடத்தில் கறுத்தும் இருக்கும். ஸ்டேப்பிள் இருப்பதால் மட்டும் புதிது என்று ஒதுக்க வேண்டாம், 50களிலேயே அதைப் பயன்படுத்தினார்கள். துரு பிடித்திருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

இரண்டு சின்னக் கருவிகள் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்த்து முப்பது, நாற்பது டாலருக்குள் முடியும். ஒன்று 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். அதில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. சில அச்சுகளின் மேல் நிறமில்லாத பசையால் தூரிகைத் தடம் போட்டிருப்பார்கள்; தடவினால் ஓவியம்போலவே இருக்கும். ஆனால் தூரிகைத் தடம் ஒரு பக்கம் போகும், நிறத்தின் எல்லை வேறு பக்கம் போகும். லென்ஸில் இது உடனே பிடிபடும். இன்னொன்று 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். இருட்டில் பின்பக்கத் துணிமேல் அடித்தால், வெண்மையூட்டும் ரசாயனம் கலந்த புதுத் துணி நீலவெள்ளையாக ஒளிரும், பழைய துணி மங்கலாக இருக்கும். முன்பக்கத்தில், பிறகு பூசிய இடங்கள் கறுப்புத் திட்டுகளாகத் தெரியும்.

விவரத்தில் 'அக்ரிலிக், 1940கள்' என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் ஓவியர்கள் கைக்கு வந்ததே 50களின் நடுவில்தான்.

படத்துக்குள்ளும் சாட்சி உண்டு, எனக்குப் பிடித்த பகுதி இதுதான். டிரம்பெட்டின் வாய் வானத்தைப் பார்த்து வளைந்திருந்தால் அது ஜாஸ் கலைஞர் டிஸி கில்லெஸ்பியின் டிரம்பெட். அது அப்படி வளைந்தது 1953இல். ஆகவே '1948' என்று எழுதியிருந்தால் தேதி தவறு. மின்சார பேஸ் கிட்டார் இருந்தால் 1951க்கு முன் போகாது. ஃபெண்டர் கம்பெனியின் பேஸ் சந்தைக்கு வந்த ஆண்டு அது. டிரம்பெட் வாசிப்பவர்கள் எல்லாரும் இடது கை விரலால் வால்வை அழுத்துகிறார்கள், சாக்ஸஃபோன்காரருக்கு வலது கை மேலே இருக்கிறது என்றால், யாரோ ஒரு படத்தை இடம் வலம் மாறிப் பார்த்து நகல் எடுத்திருக்கலாம். கருவி பிடிக்கத் தெரியாத ஓவியராகவும் இருக்கலாம், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

4. கையெழுத்தும் விலையும்

கையெழுத்தை லென்ஸில் பாருங்கள். வண்ணத்தில் விரிசல் விட்ட பிறகு போட்ட கையெழுத்து என்றால் மை அந்த விரிசலுக்குள் இறங்கியிருக்கும். அழுக்குப் படலத்தின் மேல் கையெழுத்து மிதக்கிறது என்றாலும் பிறகு சேர்த்ததுதான்.

பெயர் படிக்க முடிந்தால் ஆஸ்க்ஆர்ட், லைவ் ஆக்‌ஷனியர்ஸ் தளங்களில் பழைய ஏல விவரம் தேடுங்கள். ஈபேயில் 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போடுங்கள். கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். விற்ற விலைதான் விலை. வொர்த்பாயிண்ட் தளத்தில் இன்னும் பழைய விற்பனைகள் கிடைக்கும், அதற்குச் சந்தா கட்ட வேண்டும். ஒரு மாதத்துக்குக் கட்டி வேலையை முடித்துவிட்டு நிறுத்திவிடலாம்.

ஏலப் பட்டியலில் ஓவியர் பெயருக்கு முன்னால் 'அட்ரிபியூட்டட் டு', 'மேனர் ஆஃப்', 'ஆஃப்டர்' என்று ஏதாவது இருந்தால், அவர் வரைந்தது என்று அவர்கள் உறுதி சொல்லவில்லை என்று பொருள். பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

5. ஏலத்தில் கை தூக்கும் முன் கணக்குப் போடுங்கள்

நியூ ஜெர்சி லாம்பெர்ட்வில்லில் ராகோ, சிகாகோவில் ரைட், நியூயார்க்கில் ஸ்வான் கேலரிஸ் ஆகியவை இந்த வகைக்குப் பெயர்பெற்ற ஏல நிறுவனங்கள். ஆப்பிரிக்க அமெரிக்க ஓவியங்களுக்கென்றே ஸ்வானில் தனிப் பிரிவு இருக்கிறது. சிறிய ஊர்களின் ஏலங்களையும் லைவ் ஆக்‌ஷனியர்ஸ் வழியாக வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

புதிதாக வருபவர்கள் அடிபடுவது இங்கேதான். நீங்கள் கேட்ட விலைக்கு மேல் 'பையர்ஸ் பிரீமியம்' என்று நிறுவனத்துக்கு ஒரு பங்கு போகும். 20 முதல் 28 சதவீதம் வரை பார்த்திருக்கிறேன். வேறொரு தளம் வழியாக ஏலம் கேட்டால் அதற்குத் தனியாகச் சில சதவீதம். இவை எல்லாம் சேர்ந்த தொகைக்கு விற்பனை வரி.

ஒரு உதாரணம். ஏலம் 400 டாலரில் முடிகிறது. 25 சதவீதப் பிரீமியம் 100. ஆகமொத்தம் 500. நியூ ஜெர்சி வரி 6.625 சதவீதம், அதாவது 33 டாலர் 13 சென்ட். 533 ஆகிவிட்டது, படம் இன்னும் அவர்கள் இடத்தில்தான் இருக்கிறது. பேக்கிங்கும் அனுப்பும் செலவும் 180 என்று வைத்தாலும் 700 தாண்டிவிடும். நியூயார்க் நகரத்தில் வரி 8.875 சதவீதம், ஆரெகன், டெலவேர் போன்ற மாநிலங்களில் விற்பனை வரியே கிடையாது. உங்கள் உச்ச வரம்பு 700 என்றால் ஏலத்தில் 380ஐத் தாண்டாதீர்கள். காகிதத்தில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஏல வேகத்தில் இன்னும் இருபது, இன்னும் ஐம்பது என்று கை தானாகப் போகும்.

ஏலத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே படம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் நிலை அறிக்கை கேளுங்கள், பொதுவாக இலவசமாகத் தருவார்கள். அன்று காலை கேட்டால் பதில் வராது. ஏலத்தில் எடுத்ததைப் பொதுவாகத் திருப்பித் தர முடியாது. அப்புறம், பொருளை எடுத்துச்செல்லக் கெடு உண்டு. பல இடங்களில் ஒன்றிரண்டு வாரம்தான், அதற்கு மேல் நாள் வாடகை. முதலில் அனுப்புபவரை ஏற்பாடு செய்துவிட்டு ஏலம் கேளுங்கள்.

6. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பில்லில் 'பெயிண்டிங், 1' என்று மட்டும் எழுதித் தந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓவியர் பெயர், என்ன ஊடகம், எதன்மேல் வரைந்தது, அளவு, ஏறக்குறைய எந்த ஆண்டு, கையெழுத்து எங்கே இருக்கிறது, விற்றவர் முகவரி, இவ்வளவும் வேண்டும். நியூயார்க் மாநிலச் சட்டப்படி, ஓவிய வியாபாரி ஒருவர் சாதாரண வாடிக்கையாளருக்குத் தரும் பில்லில் இன்னார் வரைந்தது என்று எழுதினால் அது உத்தரவாதமாகவே கருதப்படும். வாய்ச்சொல்லை நிரூபிப்பது கஷ்டம். அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.

இணைய விளம்பரத்தை விற்ற பிறகு எடுத்துவிடுவார்கள். வாங்கிய அன்றே படங்களோடு சேமித்து வையுங்கள். ஈபேயில் 'விவரித்தபடி இல்லை' என்று புகார் செய்ய 30 நாள் அவகாசம். லென்ஸ், டார்ச் சோதனையைப் பெட்டி வந்த வாரமே முடித்துவிடுங்கள். பணத்தைக் கிரெடிட் கார்டிலோ பேபாலின் பொருள் வாங்கும் முறையிலோ கொடுங்கள். 'நண்பர்களுக்கு அனுப்புவது' என்ற முறையிலோ ஸெல் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாகவோ கேட்டால் வேண்டாம், போனால் போனதுதான்.

எஸ்டேட் சேலில் வாங்கினால் யார் வீடு, படம் எந்த அறையில் இருந்தது, எங்கே வாங்கியதாகக் குடும்பத்தினர் சொல்கிறார்கள் என்று கேட்டு, தேதி போட்டு எழுதி பில்லோடு வையுங்கள். இரண்டு வரி போதும், விற்கும்போது உதவும்.

படத்தை வாங்கினால் காப்புரிமை உங்களுக்கு வராது. அதைப் போஸ்டராகவோ டி-ஷர்ட்டாகவோ அச்சிட்டு விற்க முடியாது.

7. பேக்கிங்

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் பருமனையும் பார்க்கிறார்கள். 24க்கு 36 அங்குலப் படத்துக்கு 42 × 30 × 6 அங்குலப் பெட்டி வேண்டும். மூன்றையும் பெருக்கி 139ஆல் வகுத்தால் 54.4 வரும், அதை 55 பவுண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். படத்தின் உண்மையான எடை பத்து பவுண்டாக இருந்தாலும் 55 பவுண்டுக்குத்தான் கட்டணம். பெட்டி இரண்டு அங்குலம் குறைந்தாலும் பணம் குறையும், ஆனால் மூலைகளில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

குமிழ் உறையை வண்ணத்தின் மேல் நேரடியாகச் சுற்ற வேண்டாம் என்று விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். வெயிலில் வண்டிக்குள் கிடந்தால் வட்ட வட்டமாகத் தடம் பதிந்துவிடும். முதலில் கிளாசைன் என்ற வழவழப்பான காகிதம், அப்புறம் விறைப்பான அட்டை, அட்டை மூலைகள், அதன் பிறகுதான் குமிழ் உறை. ஃபெடெக்ஸில் கலைப்பொருளுக்கு அறிவிக்கக்கூடிய மதிப்பு 1000 டாலர்தான். அதற்கு மேல் மதிப்புள்ள படத்துக்குத் தனிக் காப்பீடோ ஓவியங்களை மட்டும் கொண்டுபோகும் வண்டியோ பார்க்க வேண்டும்.

பெட்டி வந்ததும் திறக்கும் முன்பே ஆறு பக்கமும் போட்டோ எடுங்கள். உடைந்திருந்தால் பெட்டியையும் உள்ளே இருந்த அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள், அது இல்லாமல் இழப்பீடு கிடைப்பது கடினம். ஜனவரி, பிப்ரவரியில் வந்தால் ஒரு நாள் வீட்டுக்குள் மூடியபடியே வைத்துப் பிறகு திறங்கள். குளிரில் அக்ரிலிக் விறைத்து நொறுங்கும். ஏலம் முடிந்து படம் சுவருக்கு வர மூன்று முதல் ஐந்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு, கிறிஸ்துமஸுக்கு என்று நாள் குறித்து வாங்காதீர்கள்.

8. மாட்டுவதற்கு முன்

இந்தப் படங்கள் பல மதுக்கூடத்திலும் புகை பிடிப்பவர் அறையிலும் தொங்கியவை. மேலே மஞ்சள் பழுப்புப் படலம் இருக்கும். ரொட்டித் துண்டு, உருளைக்கிழங்கு, கண்ணாடி துடைக்கும் திரவம் என்று இணையத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள், எதையும் செய்யாதீர்கள். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வண்ணம் உரிந்தால் அதுவும் கூடாது. சுத்தம் செய்ய வேண்டுமென்றால் கலைப்பொருள்களைச் சீர்செய்து பேணும் வல்லுநர்களின் அமெரிக்கச் சங்கமான ஏ.ஐ.சி தளத்தில் உங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று தேடலாம். மணிக்கு நூறு டாலருக்கு மேல் கேட்பார்கள். இருநூறு டாலர் படத்துக்கு இது கட்டுப்படியாகாது, அழுக்கோடு மாட்டிக்கொள்ளுங்கள், ஜாஸுக்கு அது பொருத்தமாகவே இருக்கும்.

பழைய ஃப்ரேம் ஒடுக்கமான வால்நட் பட்டையாகவோ உள்ளே லினன் துணி ஒட்டியதாகவோ இருந்தால் மாற்ற வேண்டாம். புது ஃப்ரேம் இருநூறு, முந்நூறு டாலர் கேட்கும், விற்பனை மதிப்பையும் குறைக்கும். 1978க்கு முந்தைய பெயிண்ட் அடித்த ஃப்ரேமைத் தேய்த்துப் பாலிஷ் போடாதீர்கள், ஈயம் இருக்கலாம். வீட்டில் குழந்தை இருந்தால் உதிரும் ஃப்ரேமை உள்ளேயே விடாதீர்கள்.

மாட்டும்போது இரண்டு பக்கமும் டி வளையம் போட்டு, சுவருக்குள் இருக்கும் மரக்காலில் திருகாணி இறக்குங்கள். கணப்புக்கு மேலேயும் மேற்கு ஜன்னலுக்கு எதிரேயும் வேண்டாம்.

கடைசியாகக் காப்பீடு. வாடகை வீட்டுக் காப்பீட்டில் கலைப்பொருளுக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று ஏஜென்டைக் கேளுங்கள். தேவைப்பட்டால் படத்தைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், பில்லும் போட்டோவும் கேட்பார்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து லாபத்துக்கு விற்றால், சேகரிப்புப் பொருள் என்ற கணக்கில் மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம். பிரீமியம், விற்பனை வரி போன்ற வாங்கிய செலவைக் கழித்துக்கொள்ள ரசீது வேண்டும். எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, அந்த உறையைப் படத்தின் பின்னால் ஒட்டாமல் அலமாரியில் வையுங்கள். படத்தோடு சேர்ந்து ரசீதும் போன கதைகள் இருக்கின்றன.